சாவி என் பாக்கெட்டில் இருந்தது

பாம்புக்கடிக்கு என்னிடம் பக்காவான திட்டம் இருந்தது. ஏலகிரியில் பிள்ளைகளுக்கு நடக்கும் கோடை முகாமில் மருத்துவ ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நான்கின் படத்தையும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டியிருந்தேன். கடிவாயைக் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, வாயால் உறிஞ்சாதே, அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது என்பது வரை வகுப்பெடுப்பேன். பாம்புக் கதை என்றால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. வீசிங்கைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

முகாமுக்கு வந்த ஒரு சிறுமியின் அம்மா பதிவுப் படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தார்: பனிக்கும் புகைக்கும் வீசிங் வரும், பஃப் பையில் இருக்கிறது, அவளே எடுத்துக்கொள்வாள். பெண்பிள்ளைக்கு ஆஸ்துமா என்று எழுதினால் நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சாகிவிடுமோ என்று மறைக்கிற வீடுகள் உண்டு. இவர் மறைக்கவில்லை. நானும் படிக்காமல் விடவில்லை. அடியில் சிவப்பு மையால் கோடு போட்டேன். அப்புறம் ஃபைலில் செருகிவிட்டேன்.

முதல் நாளே எல்லாருடைய மருந்தையும் வாங்கி, பேர் எழுதிய ஜிப் கவரில் போட்டு, ஆபீஸ் ரூம் பீரோவில் பூட்டினேன். அவளுடைய நீல இன்ஹேலரும் உள்ளே போனது.

"சார், அது என்கிட்டயே இருக்கட்டுமே?"

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

பூட்டுவது தப்பில்லை. பாராசிட்டமால் சிரப்பிலேயே 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வகை இருக்கிறது. பாட்டிலைப் பார்க்காமல், பிள்ளையின் எடையைக் கேட்காமல் ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். அதற்குப் பூட்டு வேண்டும். மூச்சுத் திணறும்போது அடிக்கிற இன்ஹேலர் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வரிசையாக அடுக்கிய கவர்களைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு திருப்தி.

கேம்ப்ஃபயர் அன்று விறகு ஈரம். நல்ல புகை. நாடகப் பயிற்சிக்கு வந்தவரை அழைத்துவர நான் ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பீரோச் சாவி பேன்ட் பாக்கெட்டில், மாற்றுச் சாவியும் அதே வளையத்தில். திரும்பும்போது மலைப்பாதையில் சிக்னல் இல்லை. மேலே அவளால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்ததாம். சமையல் அக்கா ஸ்க்ரூ டிரைவரால் பீரோவை நெம்பிப் பார்த்திருக்கிறார். கடைசியில் ஜீப்பில் ஏற்றிக் கீழே கிளம்பிவிட்டார்கள்.

அந்த மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று ஒரு பேர். யார் பேர் வைத்த வளைவில் எதிர்ப்பட்டோம் என்று நினைவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சாவி இருக்கு, சாவி இருக்கு" என்று பாக்கெட்டைத் தட்டினேன். மருந்து மேலே, பிள்ளை கீழே போய்க்கொண்டிருக்கிறாள். டிரைவர் பதில் சொல்லாமல் கியரைப் போட்டார்.

ஸ்பேசரில் பொருத்தி, ஒவ்வொரு அழுத்தலாக நாலு தரம் கொடுத்திருந்தால் மேலேயே அடங்கியிருக்கலாம். கீழே ஒரு ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். தேறிவிட்டாள்.

இதுவரை சொன்னதை அஜாக்கிரதை என்று யாராவது மன்னித்துவிடக்கூடும். அதற்கப்புறம் செய்ததைச் சொல்லத்தான் கூசுகிறது. அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, "லேசா வீசிங் சார், புகை ஒத்துக்கல. உடனே பார்த்துட்டோம்" என்றேன். "உங்கள நம்பித்தானே சார் அனுப்பினோம்" என்றார் அவர். அவர் குரலில் நன்றிதான் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் மாஸ்க்கோடு படுத்திருந்தவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவப் பதிவேட்டில் மூச்சுத் திணறல் எப்போது தொடங்கியது, மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்ற இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டேன். எழுதியிருந்தால் இடைவெளி தெரிந்துபோகும்.

இப்போது இன்ஹேலர் பிள்ளையின் கழுத்துப் பையில் இருக்கிறது. கூடுதலாக ஒன்று, ஸ்பேசரோடு, குழுத் தலைவரிடம். சாவி இரண்டு பேரிடம். தன்னார்வலர் வகுப்பில் வீசிங்கைத்தான் முதலில் எடுக்கிறேன், பாம்பு கடைசிக்குப் போய்விட்டது. ஏன் இந்த மாற்றம் என்று யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அந்த அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "அக்காவுக்கு இந்த வருஷம் டான்ஸ் கிளாஸ் சார்" என்று அவராகவே சொல்லி, போன தடவை பார்த்துக்கொண்டதற்கு மறுபடி நன்றி சொன்னார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்களே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, பையனின் படிவத்தை வாங்கிக்கொண்டேன்.