பருத்தி ஆகாத கடற்கரை

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து செலுத்தும் அறைக்குள் நுழைகிறவர் பருத்தி உடைதான் உடுத்தியிருக்க வேண்டும். நைலானோ பாலியஸ்டரோ உரசினால் நிலைமின் பொறி கிளம்பும். மருந்துக்கு அந்த ஒரு பொறி போதும். வாசலில் பதித்த உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த மின்னூட்டத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள். நான் ஆலைக்காரனில்லை, ஆஃப்செட் அச்சகத்தில் காலண்டர் அடித்தே தலை நரைத்தவன். ஆனாலும் பருத்திதான் பத்திரமான துணி என்று எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பாடத்தை அப்படியே தலைகீழாகப் புரட்டிப்போடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தில், ஐலண்ட் பீச் என்கிற மணல்திட்டு.

மகள் வீடு எடிசனில். தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டதால் நவம்பர் மாதத்தில் ஊரைவிட்டுக் கிளம்ப முடிந்தது; காலண்டர்க்காரனுக்கு இது லேசில் வாய்க்காது. மாப்பிள்ளைக்கு வார நாளெல்லாம் கம்ப்யூட்டர், சனி ஞாயிறு வந்தால் தூண்டில். விடியுமுன் எழுப்பி, தெற்கே ஒன்றரை மணி நேரம் காரில் கூட்டிப்போனார். வழியில் சீசைட் ஹைட்ஸ் என்ற ஊர். 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது, கரையோரக் கேளிக்கைப் பூங்காவின் ரோலர் கோஸ்டர் கடலுக்குள் போய் நின்றதே, அது இங்கேதான்.

அதற்கும் தெற்கே மணல்திட்டுப் பூங்கா தொடங்குகிறது. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் பார்னகட் விரிகுடா, நடுவே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல்மேடும் புதரும். எஃகு அதிபர் கார்னகியின் கூட்டாளி ஹென்றி ஃபிப்ஸ் 1926-இல் இதை வாங்கி, உல்லாச நகரம் கட்ட நினைத்தார். 1929 பங்குச்சந்தைச் சரிவில் அது படுத்துவிட்டது. 1953-இல் மாநில அரசு வாங்கி, 1959-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரு பணக்காரரின் நஷ்டத்தில் நரிகளுக்கும் மீன்பருந்துகளுக்கும் ஒரு நாடு கிடைத்தது. அனுமதிச் சீட்டு இருந்தால் டயர் காற்றை இறக்கிவிட்டு மணலிலேயே வண்டி ஓட்டலாம். ஆனால் இழுவைக் கயிறு, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை எல்லாம் வண்டியில் இருந்தாக வேண்டும், முக்கியமாகத் தூண்டிலும். வேடிக்கை பார்க்க மட்டும் வண்டியை மணலில் இறக்க முடியாது. நல்ல சட்டம்.

அலை உடைகிற வெள்ளை நுரைக்குள்தான் பெரிய மீன் இரை தேடும் என்பது கரைத்தூண்டில்காரர்களின் கணக்கு. அலை மணலைக் கிளறிவிட, சிறு மீன் தடுமாறும். அந்த நேரத்துக்குக் காத்திருப்பது ஸ்ட்ரைப்டு பாஸ் என்கிற வரிமீன். வசந்தத்தில் ஹட்சன், டெலவேர் ஆறுகளிலும் செசபீக் விரிகுடாவின் ஆறுகளிலும் ஏறி முட்டையிட்டு, கோடையில் வடக்கே போய், குளிர் தொடங்கும்போது கரையோரமாகவே தெற்கே இறங்கும். நவம்பர் அதன் ஊர்வல மாதம். அந்த நுரைக்குள் ஈயக்குண்டு போய் விழ வேண்டுமானால், வீசுகிறவர் முழங்கால் அளவாவது தண்ணீருக்குள் இறங்கியாக வேண்டும்.

எங்களுக்குக் கடல் என்றால் தூத்துக்குடி, திருச்செந்தூர். அங்கே லுங்கியை மடித்துக் கட்டி இறங்குகிறவரிடம் நனையாமல் மீன் பிடிக்க உடை உண்டா என்று கேட்டால் சிரிப்பார். நனைந்தால் காயும், அவ்வளவுதான். இங்கே நவம்பர்த் தண்ணீர் 12 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு இருக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். நனைந்த உடம்பில் அட்லாண்டிக் காற்றும் பட்டால் முதலில் விரல் மரக்கும், அப்புறம் முடிச்சுப் போட வராது, அதற்கப்புறம் புத்தியும் மந்தமாகும்.

மாப்பிள்ளை காரின் பின்கதவைத் தூக்கிவிட்டு, அதன் விளிம்பில் என்னை உட்காரவைத்தார்.

"மாமா, உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

"திருப்பூர் பனியன்தான் மாப்பிள்ளை. மேல சட்டை, ஸ்வெட்டர்."

"பனியனையும் சட்டையையும் கழற்றிடுங்க. பருத்தி இங்க ஆகாது."

"பருத்தியே ஆகாதா?"

"வேர்வையைக் குடிச்சா விடாது மாமா. ஈரமாவே உடம்போட ஒட்டிக்கிட்டு நிக்கும். இந்தாங்க, பாலியஸ்டர். இல்லேன்னா கம்பளி இருக்கு."

பாலியஸ்டர் போட்டால் பத்திரம் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் இழை தன் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வாங்காது. எந்தக் குணத்துக்காக எங்கள் ஊர் பருத்தியைத் தேர்ந்ததோ, அதே குணத்துக்காக இந்தக் கரை அதைத் தள்ளிவைக்கிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால்தான் பருத்தியில் மின்னூட்டம் தங்குவதில்லை.

உள்ளாடைக்கு மேல் கம்பளிப் பஞ்சு மாதிரி ஃபிளீஸ் துணி. அதற்கு மேல் வேடர்ஸ்: நெஞ்சுவரை ஏறி, தோள்பட்டை வாரில் தொங்குகிற, தண்ணீர் புகாத கால்சட்டை. இதிலே பூட்ஸோடு சேர்த்தே செய்தது ஒரு ரகம். அடியில் காலுறை மட்டும் வைத்து, பூட்ஸைத் தனியே மாட்டிக்கொள்வது இன்னொன்று. ஆற்று மீன்காரர்கள் இரண்டாவதைக் கொண்டாடுவார்களாம். கடல்மணலில் பூட்ஸுக்குள் மண் புகுந்து அறுக்கும் என்பதால் இங்கே முதல் ரகத்துக்குத்தான் மதிப்பு. துணியிலும் இரண்டு கட்சி. நியோப்ரீன் தடித்த ரப்பர்; குளிருக்குச் சுகம், நடந்தால் உள்ளே வேர்த்துக் கொட்டும். காற்றுவிடும் மெல்லிய துணி நடைக்கு நல்லது, குளிருக்கு உள்ளே அடுக்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இடுப்பில் ஒரு பட்டையை இறுக்கினார் மாப்பிள்ளை. மூச்சு முட்டுகிறது என்றேன். "முட்டட்டும்" என்றார், மரியாதையை விடாமல். விழுந்தால் வேடர்ஸுக்குள் தண்ணீர் நிறையாமல் தடுப்பது அந்தப் பட்டைதான். உள்ளே புகுந்த தண்ணீர் ஆளைக் கீழே இழுக்காது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை ஏது? ஆனால் எழுந்து கரையேறப் பார்த்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு குடம் தண்ணீரைச் சுமந்த கணக்கு. அடுத்த அலை அதற்குள் வந்துவிடும்.

கடைசியில் மேல்சட்டை. மழைக்கோட்டு என்றால் முட்டிவரை தொங்கும் என்று நினைப்போம். இது இடுப்போடு நின்றுவிடுகிறது. முன்புறம் திறக்கும் ஜிப் இல்லை, தலைவழியே மாட்ட வேண்டும். மணிக்கட்டிலும் கழுத்திலும் நியோப்ரீன் பட்டி இறுகப் பிடிக்கிறது. காரணம், மழை மேலிருந்து மட்டும் விழும். அலையோ கீழிருந்து ஏறும், முன்னாலிருந்து அறையும். தூண்டில் வீசக் கையைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் கைவழியே தண்ணீர் முழங்கைக்கும் அக்குளுக்கும் ஓடப் பார்க்கும். நீளக் கோட்டு அலையைப் பிடித்து ஆளைத் தள்ளும். சட்டையை வேடர்ஸுக்கு மேலே இழுத்துவிட்டு, அதன்மேலும் ஒரு பட்டை கட்டுகிறார்கள். தையல் ஓட்டைகளில் உள்புறமாக டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். தண்ணீர் புகாத துணியில் ஊசி போட்ட ஓட்டையை அடைக்காவிட்டால் அது துணியே இல்லை.

சட்டையின் சீட்டில் 20,000 என்று ஓர் எண் இருந்தது. துணிமேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை மில்லிமீட்டர் உயரம்வரை ஒழுகாமல் தாங்கும் என்பதே அந்த எண். 20,000 என்றால் 20 மீட்டர் உயரத் தண்ணீர். அதைத் தாங்கும் துணி வேர்வை ஆவியை மட்டும் எப்படி வெளியே விடுகிறது?

இந்தக் கேள்வியோடுதான் இருநூறு வருஷம் ஓடியிருக்கிறது. 1823-இல் கிளாஸ்கோவின் சார்லஸ் மேக்கின்டாஷ், நாப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசிக் காப்புரிமை வாங்கினார். தண்ணீர் புகவில்லை, ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, நாற்றமும் அடித்தது. அந்தக் குணத்தைத் திருத்தியது எங்கள் ஊருக்கு வேண்டப்பட்ட சரக்கு: கந்தகம். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உருகவும் செய்யாது, விறைக்கவும் செய்யாது என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்தார். ஊரில் வெடிக்கிற மருந்தில் போடுகிறதே, அதே மஞ்சள் பொடி.

வேர்வைப் பிரச்சினை அப்போதும் தீரவில்லை. 1938-இல் இதே நியூஜெர்சியில், டீப்வாட்டர் என்ற ஊரில் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாக டெஃப்லானைக் கண்டார், நம் தோசைக்கல்லில் ஒட்டாமல் பூசுகிறார்களே, அதுதான். 1969-இல் பக்கத்து மாநிலமான டெலவேரில் பாப் கோர், சூடாக்கிய டெஃப்லான் கம்பியை மெதுவாக இழுத்து இழுத்து அறுந்துபோன எரிச்சலில் வெடுக்கென்று இழுத்தார். அறுபடாமல் நீண்டது; உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள். தண்ணீர்த் துளி நுழைய முடியாத சிறுமை, நீராவி வெளியேறப் போதுமான பெருமை. கோர்டெக்ஸ் என்று விற்கிற துணி அதிலிருந்து வந்ததுதான்.

மணலில் அன்று ஐம்பதடிக்கு ஒருவர் நின்றிருந்தார். கடலுக்குமேல் கேனட் பறவைகள் வெள்ளை ஈட்டியாக விழுந்துகொண்டிருந்தன. அவை விழுகிற இடத்தில் இரைமீன் கூட்டம் இருக்கும் என்பது குறிப்பு. எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் ஆரஞ்சு நிற பிவிசி கோட்டு அணிந்திருந்தார், கப்பல்தளத்து மீனவர்கள் போடுகிற மொத்தமான ரகம். விலை உயர்ந்த மெல்லிய துணி எதுவும் அவரிடம் இல்லை. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஒரே இடத்தில் அசையாமல் நிற்பவனுக்கு இது போதும், மீனைத் துரத்தி மணலில் மைல்கணக்காக நடக்கிறவன்தான் வேர்வைக்குப் பணம் கட்ட வேண்டும் என்றார். அங்கே கேட்டதிலேயே மிகச் சரியான பேச்சு அது. ஊரில் அடைமழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஆடு மேய்க்கிறவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்.

அலை வந்தது. எதிர்பார்த்ததைவிட ஒன்று பெரிதாக, இடுப்புக்கு மேல் மோதி, முகத்தில் உப்பை அடித்தது. நான் தடுமாற, மாப்பிள்ளை வாரைப் பிடித்துக்கொண்டார். கழுத்துப் பட்டிக்கு உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை. கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்தேன். பாலியஸ்டர் உலர்ந்தே இருந்தது. ஈரம் என்றால் எனக்குத் தொழில்முறைப் பயம். ஐப்பசி கார்த்திகையில் காகிதம் ஈரத்தை வாங்கி விரிந்தால் நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. காலண்டர் முருகனுக்கு இரண்டு மூக்கு தெரியும். பட்டாசுக்காரர்கள் பாடு இன்னும் மோசம்: அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். காற்றில் ஈரம் குறைவு என்பதால் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வேர்பிடித்த ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் கடலுக்குள் நின்று உலர்ந்திருந்தான்.

மீன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். மாப்பிள்ளைக்கு ஒன்று. அளந்து பார்த்தார், 33 அங்குலம். 28-க்குக் குறைந்தாலும் 31-ஐத் தாண்டினாலும் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது விதி. முட்டையிடும் பெரிய மீன்கள் பிழைக்கட்டும் என்ற எண்ணம். தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டார். வாலை ஒரு தரம் அடித்துவிட்டுப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை காபி இல்லை. திருச்செந்தூரில் கடலாடியவர்கள் நாழிக்கிணற்றுக்குப் போவதைப் போல, சட்டையும் வேடர்ஸும் நல்லதண்ணீர்க் குழாயடிக்குப் போயின. உப்பு காய்ந்தால் ஜிப்பைத் தின்னும், மேல்துணியில் தண்ணீர் முத்துமுத்தாக உருள்வது நின்றுவிடும். மேல்துணி ஊறிப்போனால் உள்ளே எத்தனை உயர்ந்த சவ்வு இருந்தாலும் ஆவி வெளியேறாது. ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுவோம், உண்மையில் நம் வேர்வையிலேயே நனைந்திருப்போம். முத்து உருளவைக்கும் பூச்சில் சேர்த்துவந்த பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்கள் எளிதில் அழியாமல் தண்ணீரிலும் மண்ணிலும் தங்குகின்றன என்று, நியூயார்க் மாநிலம் 2025 ஜனவரி முதல் பெரும்பாலான உடைகளில் அவற்றைத் தடுத்துவிட்டது. புதிதாக வாங்குகிறவர்கள் சீட்டில் அதையும் பார்க்கலாம்.

நவம்பரில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்லாண்டிக் கரையில் தூண்டில் வீச அழைத்தால் தயங்காமல் போங்கள். பூங்கா நுழைவுக்குத்தான் பணம், கடல் தூண்டிலுக்கு நியூஜெர்சியில் உரிமக் கட்டணம் கிடையாது, பெயரைப் பதிந்தால் போதும். சட்டையும் வேடர்ஸும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். பருத்தி பனியனை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். இடுப்புப் பட்டை இல்லாமல் மட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள்.