பஞ்சிகாவத்தையில் பழைய மோட்டார்ச் சாமான்

நுகேகொடையின் குறுக்குத் தெருக்களில் நடப்போர், மதில்களுக்குள்ளே மர நிழலில் நிற்கும் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களை இன்றும் காணலாம். மொரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தது. 1971இல் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் இலங்கையில் அதன் ஆயுள் முடியவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த காரைப் பழுது பார்த்து ஓட்டுவதன்றி நம்மவர்க்கு வேறு வழி இருக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதியும் 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பழையதைப் பேணும் கலை இங்கு பொழுதுபோக்கன்று. தேவையினால் வளர்ந்த கைத்திறன்.

இக்கார்களுக்குச் சாமான் தேடுவோர் நாடும் இடம் பஞ்சிகாவத்தை. நுகேகொடையில் களனிவெளிப் பாதையில் ரயிலேறி, கிருலப்பனை, நாரஹேன்பிட்டி நிலையங்களைக் கடந்து மருதானையில் இறங்கினால், அப்பால் நடை தூரமே. கடைகளின் முன்னே கியர்ப் பெட்டிகள் குவிந்திருக்கும்; கதவுகளும் விளக்குகளும் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் ஹெர்ஷி நகரிலே 1955 முதலும், இங்கிலாந்தில் பியூலி என்னும் ஊரிலே 1967 முதலும் ஆண்டுதோறும் பழைய கார் அன்பர்கள் கூடிச் சாமான் வாங்கி விற்கின்றனர். அங்கே ஆண்டுத் திருவிழாவாக நடப்பது இங்கே அன்றாட வியாபாரம்.

இச்சந்தைக்குச் செல்வோர் முதலில் தம் காரை அறிந்திருத்தல் வேண்டும். மொரிஸ் மைனர் என்பது ஒரே கார் அன்று. 918 கன சென்ரிமீற்றர் என்ஜினுடன் தொடங்கி, 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 என அது மாறிவந்தது. இறுதி மாற்றத்தின்போது முன் பிரேக் டிரம்மும் ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாயிற்று. ஆண்டைச் சொல்லாமல் டிரம் கேட்பது, தெருவைச் சொல்லாமல் வீட்டு இலக்கத்தை மட்டும் கூறுவதை ஒக்கும். ஆகவே பழுதுபட்ட சாமானைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கையோடு கொண்டு செல்லுக.

போல்ட்டின் புரியிலும் கவனம் வேண்டும். 1841இல் விற்வேர்த் என்பார் வகுத்த பிரித்தானியப் புரியின் கோணம் 55 பாகை. 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் உடன்பட்டு ஏற்ற பொதுப் புரியின் கோணம் 60 பாகை. ஒன்றினுள் மற்றொன்று சில சுற்று ஏறக்கூடும். பலவந்தமாக இறுக்கினால் இரண்டும் அழியும்.

இனி, கடையில் நடந்துகொள்ளும் முறை. சிங்களம், தமிழ் இரண்டும் ஒலிக்கும் சந்தை இது. முஸ்லிம் வியாபாரியை ‘நானா’ என்றும், சிங்களவரில் மூத்தவரை ‘அய்யா’, இளையவரை ‘மல்லி’ என்றும் அழைப்பது வழக்கம். சிங்களத்தில் ‘அய்யா’ என்றால் அண்ணன். நம் மரியாதைச் சொல் அங்கே உறவாகிவிடுகிறது. அடுக்கியுள்ள சாமானைக் கேளாமல் இழுத்தல் தகாது. விலை குறைப்பதற்காகப் பொருளைப் பழித்தல் வேண்டாம். வாங்கும் எண்ணமின்றிப் பேரம் பேசுதலும், விலை முடிந்தபின் அடுத்த கடைக்கு நழுவுதலும் பண்பன்று. பொருந்தாவிடின் திருப்பிக் கொள்வாரா என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிக. நாம் கண்டவரையில், மரியாதையாகக் கேட்பவருக்குத்தான் கடைக்காரர் உள்ளறைப் பெட்டியைத் திறந்து காட்டுகிறார்.

பரிசோதனையில் தயக்கம் வேண்டாம். நம் பெண்கள் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? பிரேக் டிரம்மையும் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டுக. மணியோசை எழுந்தால் நன்று. மந்தமாக ஒலித்தால் வெடிப்பு இருக்கலாம். மட்காட்டில் சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டியே இருக்கும்.

விளக்கும் கைப்பிடியும் பழையனவாக இருக்கலாம். உயிர் காக்கும் உறுப்புகள் அவ்வாறு இருத்தல் ஆகாது. பிரேக் ரப்பர் பெட்டியில் புத்தம் புதிதாகக் கிடந்தாலும் காலத்தால் இறுகிப்போயிருக்கும். அதனையும் பிரேக் குழாயையும் புதிதாகச் செய்யப்பட்டவையாகவே வாங்குக. பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதன் தூசியை ஊதுதல் நுரையீரலுக்குக் கேடு.

இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆகவேண்டும்: இச்சாமான் எங்கிருந்து வந்தது? சந்தை விலைக்கு மிகக் குறைவாகக் கிடைப்பது, எவர் முற்றத்திலோ இரவில் கழற்றப்பட்டதாக இருக்கலாம். திருட்டுப் பொருளென அறிந்து வாங்குவது சட்டப்படி குற்றம். அறிய விரும்பாமல் வாங்குவது மனச்சாட்சிப்படி குற்றம். பற்றுச்சீட்டுக் கேட்டுப் பெறுக. என்ஜினையே மாற்றுவதாயின், அதன் இலக்கத்தைப் பதிவுப் பத்திரத்துடன் ஒப்பிட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தல் அவசியம்.

மாணவர்கள் விடுமுறையில் ஒருநாள் தந்தையாருடன் பஞ்சிகாவத்தைக்குச் சென்று வருவார்களாக. அளவு, உலோகம், விலை, மனிதர் ஆகிய நான்கையும் ஒரே காலைப்பொழுதில் கற்கலாம். தாத்தா ஓட்டிய கார் பேரனின் கையால் மீண்டும் உயிர்பெற்று ஓடுவது நற்பேறே. பிறர் பொருளின் பழி சிறிதும் அதில் ஒட்டாதிருப்பின், அப்பேறு முழுமையுறும்.