அரை இஞ்ச் போல்ட்

அப்பா 31 வருஷமாகத் தேயிலை ஸ்டோரில் ஃபிட்டர். ஹேவாஹெட்ட பக்கம். போன வருஷம் அங்கே ஒரு பழைய ரோலரில், தாங்கியைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று முறிந்துபோனது. அதே மாதிரி ஒன்று தேடி அவரோடு மூன்று நாள் கண்டி டவுனில் அலைந்தேன்.

ஒரு போல்ட்டுக்கு மூன்று நாளா என்று கேட்பீர்கள். காரணம் மரைதான். ஹார்ட்வெயார்களில் இப்போது அதிகம் இருப்பது மில்லிமீட்டர் போல்ட். அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டால் துளைக்குள் ஆடும். சில கடைகளில் அரை இஞ்சும் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்க மரை: இஞ்சுக்கு 13, கோணம் 60 பாகை. எங்கள் ரோலரில் இருப்பது விட்வர்த் மரை. ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் 1841இல் வகுத்த அளவு அது. அரை இஞ்ச் போல்ட்டுக்கு இஞ்சுக்கு 12 மரை, கோணம் 55 பாகை. வெள்ளைக்காரன் காலத்து மெஷின்களை ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் துடைத்துப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து மெஷின் இன்னும் கொழுந்து உருட்டுகிறது.

ஒரு கடைக்காரர் 13 மரை போல்ட்டை எங்கள் பழைய நட்டில் சுற்றிக் காட்டினார். "ஏறுதே ஐயா, பாருங்க!"

"ரெண்டு சுத்து ஏறும் தம்பி. அதுக்குப் பொறகு சாவி போட்டு இறுக்கினா மரையைத் தின்னுரும். பிடிச்ச மாதிரிதான் இருக்கும், பிடிக்காது" என்றார் அப்பா.

சேரவே சேராத போல்ட்டால் ஆபத்தில்லை, யாரும் பூட்டமாட்டார்கள். கிட்டத்தட்டச் சேருகிற போல்ட்தான் ஆளைக் கொல்லும். 1990 ஜூன் 10ஆம் திகதி, பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் பறந்த விமானம் ஒன்றில் விமானியின் முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே இழுபட, சக ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே விமானத்தை இறக்கினார்கள். அவர் பிழைத்தது அதிசயம். முதல் நாள்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். பூட்டிய 90 போல்ட்டில் 84 விட்டம் குறைந்தவை. குறைவு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, சுமார் 0.66. கழற்றிய பழையதோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்தவை அவை.

1931இல் முதன்முதல் பறந்த டைகர் மோத் மாதிரிப் பழைய சின்ன விமானங்களை இன்றும் பறக்க வைத்திருப்பவர்களுக்கும் இதே தலையிடிதான். அவற்றிலும் பழைய பிரிட்டிஷ் மரைகள். அளவு சரியாக இருந்தாலும் போதாது. எந்த உலோகம், எங்கே செய்தது என்ற கடதாசியும் போல்ட்டோடு வரவேண்டும்.

ரோலர் போல்ட்டுக்கு யாரும் கடதாசி கேட்பதில்லை. அதன் பக்கத்தில் நின்று கொழுந்து போடுகிறவர்களின் கைக்கு இருக்கிற ஒரே உத்தரவாதம், ஃபிட்டரின் பிடிவாதம்.

கடைசியில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு லேத் பட்டறையில் செய்வித்தோம். கம்பியை அப்பாவே தெரிந்தெடுத்தார். வெட்டி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து மரை கேஜை எடுத்து வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பழைய நட்டை விரலாலேயே கடைசி வரை ஏற்றினார். பிறகுதான் காசைக் கொடுத்தார்.

மலையகத்து மக்களின் உழைப்பைப் பற்றி நாம் நிறைய எழுதுகிறோம். அவர்களுடைய அறிவைப் பற்றி எழுதுவது குறைவு. எங்கள் ஸ்டோரில் எந்த மெஷினில் எந்த மரை என்பது ஒரு ரெஜிஸ்டரிலும் இல்லை, அப்பாவின் தலைக்குள் இருக்கிறது. அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்லச் சொல்ல ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 34 பக்கம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், உட்காரவைத்துக் கேளுங்கள்.