நீர் வற்றிய குளத்தருகே

சென்ற விடுமுறையில் எமது மாணவர் சிலரோடு பொலன்னறுவைக்குச் சென்றிருந்தோம். கிரானில் அதிகாலை ஏறிய பேருந்து வாழைச்சேனை, புனாணை, வெலிக்கந்தை ஆகிய ஊர்களைக் கடந்து, மன்னம்பிட்டியில் மகாவலியைத் தாண்டி எம்மைக் கொண்டு சேர்த்தது. இடிந்த அரண்மனையையும் மந்திராலோசனை மண்டபத்தையும் பார்த்துவிட்டுப் படிகளில் இறங்கினால், அரண்மனை மதிலுக்கு வெளியே குமார பொகுண என்னும் நீராடு குளம் இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153–1186) காலத்தது அது.

கல்லாற் படிப்படியாகக் கட்டப்பட்ட குளம். நிலத்தடிக் கால்வாய் வழியே வந்த நீர், முதலை வாய்போற் செதுக்கிய கற்குழாய்களால் உள்ளே விழுந்தது. கரையில் ஒரு மண்டபத்தின் அடித்தளம் இன்றும் எஞ்சியுள்ளது. நாம் சென்றபோது குளத்தின் அடியில் சிறிது மழைநீர் தேங்கிப் பாசி படர்ந்திருந்தது.

"இதில ஊராக்களும் குளிச்சாங்களா, சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

அரச குடும்பத்தார் நீராடவே இது கட்டப்பட்டது என்றோம். கல் சுமந்தவர்களும் கால்வாய் வெட்டியவர்களும் வேலை முடிந்தபின் இக்கரையில் நிற்கவேனும் விடப்பட்டார்களா? மன்னனின் பெயரை நூல்கள் போற்றுகின்றன. அவர்களின் பெயரை நாம் எங்கும் காணவில்லை.

ஆயினும் பழியை மன்னர்கள்மீது போட்டுவிட்டு நாம் அமைதி கொள்வது நேர்மையாகாது. அவுஸ்திரேலியாவின் மோரீ என்னும் ஊரில் மன்னனின் குளம் இல்லை. நகரசபையின் நீச்சற்குளமே இருந்தது. அதில் பழங்குடி மக்கள் இறங்குவதை 1955இல் அச்சபை தடை செய்தது. 1965 பெப்ரவரியில் சாள்ஸ் பேர்க்கின்ஸ் என்னும் பழங்குடி மாணவரும் சிட்னிப் பல்கலைக்கழகத் தோழர்களும் அவ்வூர்ப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதன் வாயிலில் நின்றார்கள். முட்டையும் தக்காளியும் அவர்கள்மீது வீசப்பட்டன. அவர்கள் கலைந்து போகவில்லை.

எமது நாட்டிலோ, சாதியின் பெயரால் உரிமை மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், எமது பத்தாவது வயதில், ஓர் உறவினர் வீட்டுக் கிணற்றடியில் நண்பன் ஒருவனுடன் தாகத்தோடு நின்றோம். எம்மிடம் வாளியைத் தந்தார்கள். துணி வெளுப்பவர் மகனான அவனை வாளியைத் தொட விடவில்லை. குனிந்து கையேந்தச் சொல்லி, எட்ட நின்று வார்த்தார்கள். அவன் குடித்துவிட்டு எம்மை ஒருமுறை பார்த்தான். நாம் வாளியோடு நின்றிருந்தோம்.

திரும்பும் வழியில் இதனை மாணவர்களுக்குச் சொன்னோம். வகுப்பறையில் சமத்துவத்தைப் பலமுறை பேசியிருக்கிறோம். இதைச் சொன்னது அன்றுதான். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின் அதே மாணவிதான் கேட்டாள்:

"நீங்க ஏன் சேர் ஒண்டும் சொல்லல்ல?"

சிறுவயது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மோரீயின் வாயிலில் நின்ற பிள்ளைகளும் சிறுவயதினரே. வெலிக்கந்தையைக் கடக்கும்வரை எமக்கு விடை வரவில்லை. "பயந்தோம்; அது தவறு" என்று மட்டும் சொன்னோம்.