நள்ளிரவுக் கூட்டம்: சில குறிப்புகள்

கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து எழுதிய தமிழ்ச் சொற்புதிர் ஒன்று, தினம் ஒரு சொல் என்ற கணக்கில், வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகப் பரவியது. லோடு தாங்காமல் அது திணறத் தொடங்கியபோது அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் பிறகும் எழுதி வைத்தவை இவை.

*

"அண்ணா, பெரிய சர்வரா ஒண்ணு எடுத்துட்டா சரியாயிடும்ல?"

யாரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்டது: இந்த விளையாட்டுக்கு சர்வர் என்ன வேலை செய்கிறது? தினமும் எல்லாருக்கும் ஒரே சொல். ஆடுபவர் தட்டுகிற எழுத்து சரியா தவறா என்று பார்ப்பது போனிலேயே நடந்துவிடும். ஆளுக்கு ஆள் மாறுகிற எதையும் சர்வர் தருவதில்லை. பிறகு ஏன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பக்கத்தைத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது? கூட்டத்தைத் தாங்குவதில் பெரும்பகுதி, சர்வரிடமிருந்து எந்தெந்த வேலையைப் பிடுங்கலாம் என்று கண்டுபிடிப்பதுதான்.

*

ஜோஷ் வார்டில் எழுதிய 'வேர்டில்' விளையாட்டை 2021 நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2 அன்று மூன்று லட்சத்துக்கும் மேல். அதற்கடுத்த வாரம் இருபது லட்சத்தைத் தாண்டியது. ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. தனி ஆள் இந்த ஏற்றத்தை எப்படிச் சமாளித்தார் என்பதற்கு விடை அந்தப் பக்கத்தின் நிரலிலேயே இருந்தது. 2,300-க்கும் மேற்பட்ட விடைச் சொற்கள் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் வரிசையாக இருந்தன. 2021 ஜூன் 19-லிருந்து அன்றோடு எத்தனை நாள் என்று பிரவுசர் தானே எண்ணிக்கொண்டது; அந்த எண்ணில் இருந்த சொல்தான் அன்றைய விடை. கோப்பு கைக்கு வந்த பிறகு சர்வரிடம் கேட்க ஒன்றுமிருக்கவில்லை.

கோப்பைத் திறந்து பார்த்தால் நாளைய விடை தெரிந்துவிடுமே என்று ஒரு மாணவி கேட்டாள். தெரியும்தான். வார்டில் அதைப் பொறுத்துக்கொண்டார். பரிசு கிடையாது, பந்தயம் கிடையாது. ஏமாற்றுகிறவர் தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார். அவரைத் தடுக்கப் போய் மற்ற எல்லாரையும் சர்வர் வாசலில் நிறுத்துவது நியாயமில்லை என்றே எனக்கும் படுகிறது.

பகிர்வதற்கான வண்ணக் கட்டங்களையும் கவனிக்க வேண்டும். அவை படமே அல்ல, வெறும் எழுத்துக் குறிகள். ஆளுக்கொரு படம் தயாரித்துக் கொடுத்திருந்தால் அதற்கென்றே தனி சர்வர் வேண்டியிருந்திருக்கும்.

*

இத்தாலியரான கேப்ரியேலே சிருல்லி '2048' விளையாட்டை 2014 மார்ச்சில் வெளியிட்டபோது அவருக்கு வயது 19. ஒரு வார இறுதியில் எழுதியது. ஒரு வாரத்துக்குள் நாற்பது லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அதிகபட்ச ஸ்கோர் ஆடுபவரின் பிரவுசரிலேயே தங்கிவிடும். நிரலை எம்ஐடி உரிமத்தில் கிட்ஹப்பில் வைத்துவிட்டார். மாணவர்கள் முதலில் படிக்க வேண்டிய நிரல் என்று அதைத்தான் சொல்வேன். சின்னது, ஒளிவுமறைவு இல்லாதது.

*

சராசரி என்ற கணக்கு ஆளைக் கவிழ்த்துவிடும். நாளைக்கு இரண்டு லட்சம் பேர் என்றால் நொடிக்கு 2.3 பேர்; பழைய லேப்டாப் கூடத் தாங்கும். ஆனால் புதிர் மாறுவது நள்ளிரவு 12-க்கு. பாதிப் பேர் முதல் பத்து நிமிடத்தில் வந்தால் நொடிக்கு 167 பேர். பக்கம் ஒன்றுக்கு 25 கோப்புகள் என்றால் நொடிக்கு நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள். மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரமும் சர்வர் ஏறக்குறைய சும்மா கிடக்கும்.

உலகம் முழுக்க ஆடுகிற விளையாட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. நியூசிலாந்தில் தொடங்கி ஹவாய் வரை நள்ளிரவு நகர்ந்துகொண்டே போகும். கூட்டமும் அதோடு பிரிந்துபோகும். தமிழ்ப் புதிருக்கு அப்படியில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்பே நாள் மாறிவிடும். துபாயில் ஒன்றரை மணி நேரம் கழித்து. லண்டன், டொரொண்டோ அதற்கும் பிறகு. ஆனால் பெருங்கூட்டம் தமிழ்நாட்டில். இங்கே கடிகாரம் ஒன்றுதான். இலங்கைக்கும் அதே நேரம்தான்.

நான் சொன்ன யோசனை: புதிரை நள்ளிரவில் மாற்றாதே, காலை 5:30-க்கு மாற்று. யுடிசி கணக்கில் அதுதான் நாள் மாறும் நேரம் என்பதால் நிரலும் எளிதாகும். அதைவிட முக்கியம், அந்நேரத்தில் யாரும் ஒன்றாகக் காத்திருக்க மாட்டார்கள். நடைப்பயிற்சிக்குப் போகிறவர் ஆறு மணிக்கு, பேருந்தில் போகிறவர் எட்டரைக்கு, ஆபீஸ்காரர் சாப்பாட்டு நேரத்தில் என்று தானாகவே பிரிந்து வருவார்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் உச்ச லோடைக் குறைக்க இதைவிடச் சிறந்த வழியை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. நள்ளிரவில் கண்விழித்து ஆடுவதுதான் அந்த விளையாட்டின் கொண்டாட்டமே என்றார்கள். அவர்கள் விளையாட்டு, அவர்கள் முடிவு. நள்ளிரவுக்கே தயார் செய்தோம்.

*

நள்ளிரவுக்கான ஏற்பாடு: நாளைய புதிர்க் கோப்பை மாலையே சிடிஎன்-இல் (கோப்புகளின் நகலைப் பல இடங்களில் வைத்துத் தரும் வலையமைப்பில்) ஏற்றிவைப்பது. பன்னிரண்டு அடித்ததும் ஒரு நிரல் ஓடி டேட்டாபேஸிலிருந்து புதிரை எடுத்துப் பதித்தால், அந்த ஒரு நொடியில் கேச் காலியாக இருக்கும். வந்தவர் அத்தனை பேரும் மூல சர்வரையே மோதுவார்கள். தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து நின்றதும் எல்லாக் குடமும் ஒரே குழாய்க்குக் கீழே வருகிற மாதிரி. கோப்பு முன்பே அங்கே இருந்தால் மோதல் கிடையாது.

எழுத்துரு, பாணி, நிரல் ஆகியவற்றின் கோப்புப் பெயரிலேயே பதிப்பு அடையாளம் சேர்த்து ஓராண்டுக்குக் கேச் செய்யலாம். புதிர்க் கோப்புக்கு மட்டும் ஒரு நிமிடம். சொல்லில் பிழை இருந்து அவசரமாகத் திருத்த நேர்ந்தால் அந்த ஒரு நிமிடம்தான் மானத்தைக் காப்பாற்றும்.

*

குரோமில் நெட்வொர்க் தாவலைத் திறந்து வைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றினோம். பின்னணிப் படம் ஒன்று மட்டும் 1.5 எம்பி. இரண்டு லட்சம் பேருக்கு 300 ஜிபி. இலவசமாகத் தளம் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் ஒரு தளத்துக்கு மாதம் 100 ஜிபி என்று வரம்பு சொல்கிறது. ஒரே நாள் படம் மூன்று மாத வரம்பைத் தின்றுவிடும். வெப்பி வடிவத்துக்கு மாற்றி 60 கேபி ஆக்கினோம். மலிவான போனில் வித்தியாசம் கண்ணாலேயே தெரிந்தது.

அடுத்து 'இன்றைய முதல் 100 பேர்' பட்டியல். பக்கம் திறந்ததும் டேட்டாபேஸிலிருந்து நூறு ஆவணங்களைப் படிக்கும்படி எழுதியிருந்தார்கள். அந்த டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரின் இலவச வரம்பு நாளொன்றுக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து. ஐந்நூறு பேர் திறந்தாலே வாசிப்புக் கணக்கு தீர்ந்தது. விளையாட்டு பரவிய இரவில் பட்டியல் உடனே காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

மாற்றியது: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிரல் நூறு ஆவணங்களையும் படித்து ஒரே ஜேசன் கோப்பாக எழுதி வைக்கும். நாளைக்கு 288 முறை, 28,800 வாசிப்பு. ஆடுகிறவர்கள் ஐந்நூறு பேரானாலும் ஐந்து லட்சம் பேரானாலும் அதே 28,800. எழுதும் பக்கத்தில், நூறாவது ஆள் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அதிகம் எடுத்தவர் ஸ்கோரை அனுப்பவே தேவையில்லை. பட்டியல் ஏற்கெனவே அவர் போனில் இருக்கிறது, அதுவே ஒப்பிட்டுக்கொள்ளும். 'எத்தனை சதவீதம் பேர் மூன்றாம் முயற்சியில் கண்டுபிடித்தார்கள்' என்ற புள்ளிவிவரத்துக்கு இருபதில் ஒருவர் அனுப்பினால் போதும். பத்தாயிரம் பேர் கணக்கில் வரும் சதவீதம் ஒரு புள்ளி முன்பின் இருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் பலகையில் போட்டபோது அவர்கள் முகத்தில் வந்த தெளிவு எனக்குப் பிடித்திருந்தது. பாடத்தில் படித்த சிக்கலளவு, பில் தொகையாகக் கண்ணுக்கு முன்னால் நின்றது.

*

தொடர் கணக்கு. விடாமல் இத்தனை நாள் ஆடியிருக்கிறேன் என்ற எண்ணை மக்கள் உயிராக நினைக்கிறார்கள். அது பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் இருக்கிறது. அந்தச் சேமிப்பு இணைய முகவரியோடு கட்டப்பட்டது. இலவசத் துணைமுகவரியில் தொடங்கிவிட்டு, கூட்டம் வந்த பிறகு சொந்த டொமைன் வாங்கி மாறினால் எல்லாருடைய தொடரும் பூஜ்யம். ஆகவே சின்னதாக இருக்கும்போதே டொமைன் வாங்கிவிட வேண்டும். ஏற்கெனவே தாமதமாகிவிட்டால் பழைய முகவரியிலிருந்து திருப்பிவிடும்போது எண்ணையும் இணைப்பிலேயே சேர்த்து அனுப்பிப் புதிய இடத்தில் பதிய வைக்கலாம். ஐபோன் சஃபாரியில் இன்னொரு சங்கடம்: ஒரு தளத்தை ஆடுபவர் தொடாமலே பிரவுசரை ஏழு நாள் பயன்படுத்தினால் அந்தச் சேமிப்பு அழிக்கப்படும். ஊருக்குப் போய் வந்த பாட்டியின் பழைய சாதனைகள் போய்விடும். சாதனைகளை நகலெடுத்து வைத்துக்கொள்ள ஏற்றுமதிக் குறியீடு ஒன்று கொடுப்பது மரியாதை.

லாகின் வைத்தால் இதெல்லாம் தீருமே என்றால், வேறு பாரம் வந்து சேரும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள். அவர்கள் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். சொற்புதிரை ஆடுவதில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். பெயரும் போன் எண்ணும் வாங்காமலிருப்பதே நல்லது.

*

பலர் ஒரே நேரத்தில் ஒரே களத்தில் ஆடும் விளையாட்டு முற்றிலும் வேறு கதை. பிரேசிலின் மத்தேயுஸ் வலதாரெஸ் 19 வயதில் 2015-இல் வெளியிட்ட 'அகார்.ஐஓ' அந்த ரகம். அங்கே சர்வரைத் தவிர்க்க முடியாது. ஓர் அறையில் நூறு பேர், நொடிக்கு இருபது முறை நகர்வு. ஒவ்வொரு நகர்வையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் செய்திகள்; எல்லா நகர்வையும் சேர்த்து ஆளுக்கு ஒரே பொட்டலமாக அனுப்பினால் இரண்டாயிரம். அறை நிறைந்தால் அடுத்த அறை.

2024 ஜூனில் நோலன் ராயல்டி வெளியிட்ட 'ஒன் மில்லியன் செக்பாக்ஸஸ்' இன்னும் நெருக்கமான பாடம்: பத்து லட்சம் கட்டங்கள், யார் டிக் போட்டாலும் எல்லாருக்கும் தெரியும். கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் மொத்த நிலையும் 1,25,000 பைட்டில் அடங்கிவிடும். நம் பழைய பின்னணிப் படத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்தவருக்கு லட்சக்கணக்கில் வந்தார்கள். இரண்டு வாரத்தில் 65 கோடி டிக். அந்தப் பிட்டுகளுக்குள்ளேயே பதின்வயதுப் பிள்ளைகள் சிலர் பாட் எழுதி ரகசியச் செய்தி பதித்துப் படம் வரைந்தார்கள். வெறும் பாட் தாக்குதல் என்று துரத்தாமல், அவர்களோடு பேசிப்பார்த்த அந்த மனசு எனக்கு மிகவும் பிடித்தது. நாளைக்கு விளையாட்டு எழுதப் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

*

ஐபி முகவரியை வைத்து 'நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கை' என்று வரம்பு போடாதே. விடுதியில் இருநூறு பேர் ஒரே வைஃபை வழியாக வெளியே போகிறார்கள். மொபைல் நிறுவனங்களும் பல வாடிக்கையாளரை ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ஏமாற்றுகிறவன் ஒருவனைத் தடுக்கப் போய் விடுதியே வெளியே நிற்கும்.

*

விளையாட்டு எழுதியவர்கள் மே மாதம் படிப்பை முடிக்கிறார்கள். டொமைன் ஒருவன் பெயரில், கார்டு அவன் அப்பாவுடையது, ஓடிபி வருகிற போன் ஊரில் அம்மாவிடம். டொமைனைப் புதுப்பிக்கும் நாளில் அவன் வேலைக்குச் சேர்ந்து பயிற்சியில் இருப்பான். இருந்த குறைகளிலேயே பெரிய குறை இதுதான். எந்த சர்வரும் இதைத் தீர்க்காது. குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல், டொமைனை ஐந்தாண்டுக்கு முன்பணம் கட்டி வாங்குவது, பாஸ்வேர்டுகள் இரண்டு பேரிடமாவது இருப்பது, இரண்டாமாண்டுப் பிள்ளைகளில் ஒருவரை இப்போதே சேர்ப்பது என்று முடிவானது.

*

சொல் இருப்பு. செமஸ்டர் தேர்வு நவம்பரில். அதற்குள் டிசம்பர் 31 வரைக்குமான புதிர்களை ஏற்றிவிட வேண்டும். ஏற்றுமுன் எழுத்து எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும்: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 5 என்கிறது, நமக்கு மூன்று எழுத்து. புள்ளியையும் மேல்விலங்கையும் தனித்தனிக் குறியாக அது எண்ணுகிறது. பிரவுசரிலேயே இருக்கும் எழுத்துப் பிரிப்பானைப் பயன்படுத்தினால் த, மி, ழ் என்று சரியாகப் பிரியும். 'க்ஷ' வரும் சொற்களை இப்போதைக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அதைப் பிரவுசர் இரண்டு கட்டமாகப் பிரிக்கும், ஆடுகிறவர் ஒன்றாக எண்ணுவார்.