நீடாமங்கலம் வரை, குழந்தைகளோடு

கோவையிலிருந்து நீடாமங்கலம் போக நல்ல ரயில் இருக்கிறது. மன்னார்குடி போகும் செம்மொழி எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால் காலையில் ஊரில் இறங்கிவிடலாம். "அதை விட்டுட்டு ரெண்டு குழந்தைகளை வச்சுக்கிட்டு 300 கிலோமீட்டர் கார்லயா போறீங்க?" என்று எதிர் வீட்டு அம்மாள் கேட்டார். நியாயமான கேள்விதான். என் கணவர் காரில்தான் போவது என்று ஒற்றைக் காலில் நின்றதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். கார் கையில் இருந்தால், போன இடத்தில் ஒரு வார்த்தை முன்னே பின்னே வந்தாலும் உடனே திரும்பிவிடலாம் அல்லவா?

போன இடம் வேறு எதுவும் இல்லை. அவர் பிறந்த வீடுதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் மாமனார் உயிரோடு இருந்தார். தோப்பில் பாதித் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர், அதற்கப்புறம் ஆறு மாதம்கூட இல்லை. அவர் போன பிறகு ஆறு மா நிலத்துக்கும் (எங்கள் பக்கத்தில் மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர்) மிச்சமிருந்த தோப்புக்கும் யார் கணக்கு வைப்பது என்று பேச்சு ஆரம்பித்தது. பெரியவர் ஊரிலேயே இருந்து பயிர் வைப்பவர். இவர் கோவையில் வேலை பார்ப்பவர். ஒருவர், "வருஷம் பூரா சேத்துல நிக்கிறவன் நான்" என்றார். மற்றவர், "அதுக்காகக் கணக்கே கேக்கக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருஷமே கொரோனா வந்தது. போகாமல் இருப்பதற்கு இரண்டு பேருக்கும் ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது.

அண்ணன் தம்பி பேசாவிட்டாலும் நானும் என் ஓரகத்தியும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பொங்கலுக்கு, தீபாவளிக்கு, குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால். சென்ற 2025 ஆனி மாதத்தில் அவர், "கர்ப்பப்பையை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி பிள்ளைங்களை ஒரு தடவை கண்ணுல காட்டும்மா" என்றார். அன்று இரவு அதை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "ஆடிப்பெருக்கு ஞாயித்துக்கிழமை வருது. சனிக்கிழமை கிளம்பலாம்" என்றார்.

பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. ஊர் ஞாபகம் கொஞ்சம் உண்டு. சின்னவனுக்கு எட்டு. பெரியப்பா என்பவர் அவனுக்கு ஒரு போட்டோ மட்டும்தான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ராத்திரி சாப்பாட்டின்போது அந்தப் போட்டோவை வைத்து, இவர் பெரியப்பா, இவர் பெரியம்மா, இது அக்கா, இது அண்ணன் என்று சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்திலும் அடுக்கு மாடி வீட்டிலும் எல்லோரையும் 'அங்கிள், ஆன்ட்டி' என்று கூப்பிட்டுப் பழகியவன். அங்கே போய் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் யாருக்கு எங்கே சுருக்கென்று தைக்குமோ! சண்டையைப் பற்றி மட்டும் குழந்தைகளிடம் ஒரு வார்த்தைகூட விடவில்லை. பெரியவர்கள் கணக்கு பெரியவர்களோடு. அதைப் பிஞ்சு மனதில் இறக்கிவைத்தால், நாம் சமாதானமான பிறகும் அதுகள் முறைத்துக்கொண்டு நிற்கும்.

பிரயாணத்துக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இளம் தாய்மார்களுக்கு உபயோகப்படும். இட்லிக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துக்கொண்டேன். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். காரின் சூட்டில் பத்து மணிக்குள் ஊசிப்போகும். மத்தியானத்துக்குப் புளியோதரையும், பாலூற்றிப் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் விட்ட சாதமும். தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய்.

சின்னவனுக்குக் கார் என்றாலே குமட்டும். விடிகாலையில் வயிறு முட்டப் பால் கொடுத்துக் கிளப்புவதைவிட இரண்டு இட்லியோடு நிறுத்துவது நல்லது. பின் சீட்டின் நடுவில் உட்காரவைத்து, தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொன்னேன். குமட்டுகிறவன் கையில் போனைக் கொடுத்துவிட்டால் வாந்திக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான். மாத்திரை கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டு, வயதுக்கும் எடைக்கும் தக்கபடிதான் கொடுக்க வேண்டும். குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போகும் வழக்கத்தை எந்தப் பாட்டி சொன்னாலும் கேட்காதீர்கள். பின் சீட்டும் பெல்ட்டும்தான் அவர்களுக்குப் பத்திரம்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் மூன்று வைத்திருந்தேன். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிப் போடக் கூடாது. கடைகளில் டப்பாவில் விற்ற சில இனிப்புப் பானங்களும் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுக்கொண்டிருந்தன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெண் குழந்தைகள் விஷயம் ஒன்று. வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து, என் பெண் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காங்கேயம் தாண்டியதும்தான் கவனித்தேன். தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கி அடக்கித்தான் பல பெண்களுக்கு நீர்க்கடுப்பு வருகிறது. வெள்ளக்கோவில் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லி, நான் முதலில் உள்ளே போய்ப் பார்த்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அவளை அனுப்பினேன். அதற்கப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துவது என்று விதி. "இப்படிப் போனா ராத்திரிதான் ஊர் போய்ச் சேருவோம்" என்றார் இவர். சேர்ந்தால் போயிற்று.

காங்கேயம் பக்கமெல்லாம் கிளுவை வேலி, வேல மரம், மேயும் மாடு. மண் வெளுத்துக் கிடக்கும். கரூர் தாண்டிக் குளித்தலை நெருங்கும்போது காவிரி வந்துவிடுகிறது. அகண்ட காவிரி என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். அக்கரை தெரியவே கண்ணை இடுக்கிக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் வழக்கம்போல ஜூன் 12ஆம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்திருந்தார்கள். அந்த மாதக் கடைசிக்குள் அணையும் நிரம்பிவிட்டது. ஆற்றில் கரைக்குக் கரை தண்ணீர். அதுவரை "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டிருந்த சின்னவன், அதற்கப்புறம் "ஆறு எங்கே போச்சு? மறுபடி எப்ப வரும்?" என்று கேட்க ஆரம்பித்தான்.

முக்கொம்பில் இறங்கிச் சாப்பிட்டோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். 1830களில் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் அங்கே அணை கட்டினார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போய், பிறகு புதிய கதவணை கட்டினார்கள். அதே வருஷம்தான் எங்கள் தோப்பும் விழுந்தது. இவர் அந்தக் கதவணையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையனிடம், "இங்க ரெண்டாப் பிரியுது. கல்லணையில காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரியும். நம்ம ஊருக்கு வரது வெண்ணாத்துத் தண்ணி" என்றார். காலையிலிருந்து அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

திருச்சியைத் தாண்டி வல்லம் வரை செம்மண் மேடு. தஞ்சாவூரைக் கடந்து சாலியமங்கலம், அம்மாப்பேட்டை என்று போகப் போகத்தான் பச்சை. குறுவை நாற்று வேர் பிடித்துத் தூர் கட்டியிருந்தது. கோவில்வெண்ணி வந்தது, கரிகாலன் சிறு வயதில் பெரிய யுத்தம் ஜெயித்த வெண்ணி அதுதான் என்று பெண்ணிடம் சொன்னேன். பாடப் புத்தகத்தில் படித்த ஊர் பஸ் ஸ்டாப் போர்டில் இருப்பதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். ஒரு ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்றோம். அங்கேதான் இவர் கையிலிருந்த ஸ்டியரிங்கை விரலால் தட்டத் தட்ட எனக்கு வயிற்றைக் கலக்கியது. "திருப்பிடலாமா?" என்று கேட்டுவிடுவாரோ என்று. கேட் திறந்தது.

வாசலில் என் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். மூத்தார் திண்ணையில் துண்டைத் தோளில் போட்டபடி எழுந்தார். ஆனால் படி இறங்கவில்லை. இவர் காரைப் பூட்டுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார். சின்னவன் ஓடிப் போய், ஒரு வாரம் ஒப்பித்த பாடத்தை ஒரே மூச்சில், "பெரியப்பா, நான் உங்க தம்பி பையன்" என்றான். "தெரியுதே, மூக்கைப் பாத்தா தெரியாதா!" என்று தூக்கிக்கொண்டார். அப்புறம் இவரைப் பார்த்து, "என்னடா, வண்டிய வெயில்லயே விட்டுட்டே? கொட்டகையில விடு" என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

மறுநாள் ஆடிப்பெருக்கு. ஊர்ப் பிள்ளைகள் சப்பரம் கட்டி இழுத்துக்கொண்டு கோரையாற்றுக்குப் போக, எங்கள் இரண்டும் கூடவே ஓடின. படித்துறையில் மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, காப்பரிசி, நாவல்பழம். என் ஓரகத்திக்கு நான் மஞ்சள் கயிறு கட்டிவிட்டேன்; அவர் எனக்கு. ஆபரேஷன் பயத்தை அங்கேதான் சொன்னார். "உன்னால வர முடியுமா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

சின்னவன் கோவையில் நீச்சல் குளத்தில் பழகியவன். சட்டையைக் கழற்றிவிட்டு மூன்றாம் படியிலிருந்து குதிக்கப் போனான். மூத்தார் எட்டி மணிக்கட்டைப் பிடித்து, "டேய்!" என்று போட்ட சத்தத்தில் படித்துறையே திரும்பிப் பார்த்தது. "குளத்துக்குத் தரை தெரியும். ஆத்துக்குத் தெரியாது. மணல் அள்ளின குழி எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது" என்றார். பெருக்கு நாளில் தண்ணீர் மேலே சாதுவாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். நீந்தத் தெரிந்த பிள்ளையைத்தான் இன்னும் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும். தெரியாத பிள்ளை தானே பயந்து நிற்கும். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில். என் கணவர் சிரித்துவிட்டார். "அப்பா குரல் அப்படியே இருக்குண்ணே" என்றார். மூத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையனுக்குத் தலை துவட்டினார்.

சாயங்காலம் அண்ணனும் தம்பியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூணாறு தலைப்புக்குப் போய் வந்தார்கள். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிற இடம். சின்னவன் வந்ததும் வராததுமாக, எத்தனை ஆறு பார்த்தோம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினான்.

அன்று இரவு சாப்பாடு ஆன பிறகு மூத்தார் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்தார். ஆறு வருஷக் கணக்கு. இவர் அதைத் தொடவில்லை. "அடுத்த தடவை பாத்துக்கலாம்ணே" என்று வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டார். எல்லோருக்கும் கண் கலங்கியது. எனக்கு மட்டும் அதில் சம்மதம் இல்லை. பாசம் வேறு, கணக்கு வேறு. பார்க்காமல் தள்ளிவைத்த கணக்குதான் முன்பும் சண்டையாக முளைத்தது. அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஓரகத்தியிடம் இதைச் சொன்னேன். "நீ எடுத்துட்டுப் போம்மா. நீ பாத்தா அவங்க பாத்த மாதிரிதான்" என்றார்.

திங்கட்கிழமை காலை டிக்கியில் ஒரு மூட்டை அரிசி, இருபது தேங்காய், ஒரு தார் பூவன், அவற்றுக்கு அடியில் நோட்டு. திரும்பும்போது சின்னவன் ஒரே ஒரு தடவைதான் வாந்தி எடுத்தான். பல்லடம் தாண்டியதும் இவர் வண்டியை ஓரம் கட்டி, போனை எடுத்து, "அண்ணே, ஊர் வந்துட்டோம்" என்றார். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஓரகத்திக்கு ஆபரேஷன் புரட்டாசியில் நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் கூட இருந்து வந்தேன். மத்தியான வேளைகளில் நோட்டைப் பார்க்கிறேன். குறுவை, சம்பா, உரம், ஆள் கூலி, தேங்காய் விற்றது என்று ஒவ்வொன்றும் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கிறது. 2021 தையில் பருவம் தப்பி மழை கொட்டியபோது சாய்ந்த சம்பாவுக்கு எதிரே தொகை இல்லை. 'முழுகிவிட்டது' என்று மட்டும் எழுதியிருக்கிறார். இதுவரை மூன்று வருஷம் பார்த்து முடித்திருக்கிறேன்.