வைஸில் பூட்டிச் சுட்ட ஐந்து

ஆவடி, பட்டாபிராம் பக்கத்தில் துப்பாக்கி ஒன்றும் அதிசயப் பொருள் இல்லை. ஒரு பக்கம் மிலிட்டரி சைடிங், இன்னொரு பக்கம் ஏர்ஃபோர்ஸ், நடுவில் சி.ஆர்.பி.எஃப்., வீராபுரம் போனால் சிறப்புக் காவல் படை. ஏதாவது ஒரு கேட்டைத் தாண்டாமல் காய்கறி வாங்கக்கூடப் போக முடியாது. அந்தக் கேட்டில் ஒருத்தர் ரைஃபிளோடு நிற்பார். ரொம்ப காலம் அது எஸ்.எல்.ஆர். தான். மரக்கட்டை, நீளக் குழல், நாலு கிலோவுக்கு மேல் கனம். விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு குண்டு போகும். அடுத்ததைத் தானே ஏற்றிக்கொண்டு காத்திருக்கும். செமி ஆட்டோமேட்டிக் என்று சொல்வதெல்லாம் அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்தது டாங்கி செய்கிற இடத்தில். 1965-ல் முதல் விஜயந்தா வெளியே வந்த தொழிற்சாலை. நான் சேர்ந்தது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து, இன்ஸ்பெக்ஷனில். ரைஃபிள் எங்கள் சமாச்சாரம் அல்ல, அது திருச்சி, இச்சாப்பூர்காரர்களின் சமாச்சாரம். ஆனால் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் கைக்கு டாங்கி, துப்பாக்கி, சாப்பாட்டு டிபன் என்ற பேதம் கிடையாது. எதைக் கொடுத்தாலும் கட்டைவிரல் முதலில் ஓரத்தைத்தான் தடவும், பிசிறு இருக்கிறதா என்று. ரிடையர் ஆன பிறகும் இது போவதில்லை. கல்யாண வீட்டில் எவர்சில்வர் தட்டைத் தடவிப் பார்த்து என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

எஸ்.எல்.ஆர். நம் ஊருக்கு வந்த கதையே இன்ஸ்பெக்டர்களுக்கென்று எழுதிய கதை. 1962-ல் சீனப் போரின்போது நம் சிப்பாய்கள் கையில் இருந்தது .303. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். அதற்கு மாற்றாகப் பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி வடிவமைத்த ஃபால் ரைஃபிளைப் பார்த்தார்கள். பெல்ஜியத்தில் செய்தது, பிரிட்டனில் செய்தது, ஆஸ்திரேலியாவில் செய்தது எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு அளந்து, நமக்கென்று ஒரு டிராயிங் போட்டார்கள். 1ஏ1 என்ற பெயரில் இச்சாப்பூரில் தயாரானது. 1966-ல் தொடங்கிய திருச்சி தொழிற்சாலையும் அதைச் செய்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பாகத்தை மைக்ரோமீட்டரில் வைத்தால் அதன் அளவு தெரிந்துவிடும், டாலரன்ஸ் தெரியாது. ஒரு பின் 7.98 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். வரைந்தவன் எட்டு என்று போட்டு இரண்டு பாயிண்ட் குறைய விட்டானா, இல்லை அந்த 7.98 தான் அவனுக்கு வேண்டியதா, தேய்ந்து போய் அப்படி ஆனதா? பாகம் வாய் திறந்து சொல்லாது. அது டிராயிங்கில் மட்டும்தான் இருக்கும். டிராயிங் இல்லாமல் அளந்து எடுத்தவன், எங்கே இறுக்கிப் பிடிக்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதைத் தானே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். நம்மவர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் இந்திய எஸ்.எல்.ஆர். உதிரிபாகங்கள் பெல்ஜியத்து மெட்ரிக் ரைஃபிளோடும் முழுசாகச் சேராது, பிரிட்டிஷ் இன்ச் ரைஃபிளோடும் முழுசாகச் சேராது. காப்பி அடித்தார்கள் என்று இதைக் கேலி பேசுகிறவர்கள் ஒரு கேஜ்கூடச் செய்து பார்க்காதவர்கள்.

எங்கள் தெருவில் ஒரு ரிடையர்டு சுபேதார் இருக்கிறார். எஸ்.எல்.ஆரில் தொடங்கி இன்சாஸில் முடித்தவர். 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் கம்பெனியிடம் 72,400 ரைஃபிள் வாங்க ஒப்பந்தம் ஆனபோது எங்கள் சாயங்கால நடையில் மாசக்கணக்கில் அதே பேச்சு. சிக் 716, எஸ்.எல்.ஆர். போலவே 7.62-க்கு 51 தோட்டா, செமி ஆட்டோமேட்டிக். 1990-களில் 5.56 இன்சாஸுக்கு மாறிய பட்டாளம், சுற்றிக்கொண்டு பழைய தோட்டாவுக்கே வந்து நின்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் இச்சாப்பூர் செய்துகொடுத்த 7.62 ரைஃபிளை ராணுவம் சோதனையில் திருப்பியிருந்தது. அந்த வருத்தம் எங்கள் ரெண்டு பேருக்குமே உண்டு.

"சார், வெளிநாட்டுப் பொருள்னா பொட்டிய ஒடைச்சதும் அப்படியே எடுத்துச் சுடலாம்," என்பார் சுபேதார். இங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு. அப்படி எந்த ரைஃபிளும் வருவதில்லை. பாதுகாப்புத் துறை இறக்குமதியில் பி.டி.ஐ. என்று ஒன்று உண்டு. கப்பலில் ஏற்றும் முன்பே நம் ஆட்கள் போய்ப் பார்ப்பது. இங்கே வந்து இறங்கியதும் ஜே.ஆர்.ஐ. என்று இன்னொன்று. இவ்வளவும் தாண்டி வந்த ரைஃபிளையும் வாங்கிக்கொண்ட சிப்பாய் ரேஞ்சில் படுத்து, குரூப்பிங் போட்டு, ஜீரோ செய்த பிறகுதான் அது அவனுடைய ரைஃபிள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே சுபேதார்தான். ஃபாரின் என்றதும் அவருக்கு மறந்துவிடும்.

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளிடம் எவ்வளவு துல்லியம் கேட்கலாம் என்பதிலும் ஒரு நியாயம் வேண்டும். குண்டு குழலுக்குள் ஓடும்போதே, பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் ஒரு சின்னத் துளை வழியாகப் பிரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் போல்ட்டைத் தள்ளுகிறது. குண்டு வாயை விட்டு வெளியேறும் முன்பே குழலில் இந்த அசைவெல்லாம் தொடங்கிவிடும். குழலின் நடுவில் ஒரு வாயு அறை தொங்குகிறது. அது குழலின் அதிர்வை மாற்றும். அதோடு சேறு, மணல், பனி எது புகுந்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக அசையும் பாகங்களுக்கு நடுவே வேண்டுமென்றே இடம் விட்டிருப்பார்கள். 100 மீட்டரில் உள்ளங்கையளவு வட்டத்துக்குள் குண்டுகள் விழுந்தால் போர்த் துப்பாக்கிக்கு அது மரியாதையான வேலை. குலுக்கினால் லொடலொட என்று சத்தம் கேட்கிற ஏ.கே. ரகத்தைப் பார்த்து "ஃபினிஷிங் சரியில்லை" என்று சொல்பவர், அந்த லொடலொடப்பு டிராயிங்கிலேயே இருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

ஃபினிஷிங் என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பூச்சு ஒன்று. பாஸ்பேட் பூச்சு மங்கலாக, சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். கடையில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சொரசொரப்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் கடலோரக் காற்றுக்கு அதுதான் வேண்டும். கண்ணாடி போல் பளபளக்கிற கறுப்பில் விரல் ரேகை பட்டால், ஐப்பசி மழைக்குள் அந்த ரேகை துருவாக எழுந்து நிற்கும். இன்னொரு ஃபினிஷ் குழலுக்கு உள்ளே. அறையின் சுவர், முறுக்கு வரிகள், குண்டு கடைசியாகத் தொட்டுப் போகிற வாயின் விளிம்பு. அங்கே ஒரு மயிரிழைப் பிசிறு இருந்தாலும் குண்டு ஒரு பக்கம் சாய்ந்து கிளம்பும். காசு கொடுப்பவன் வெளியைப் பார்க்கிறான்; குண்டு உள்ளே பார்க்கிறது.

நம் ஊரில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் தனியாருக்கு அநேகமாகக் கைக்கெட்டாத பொருள். ஆயுதச் சட்டம் 1959-லிருந்தே கெடுபிடிதான். எனவே வெளிநாட்டு ரைஃபிள் ஒன்றைப் பெட்டி பிரித்த அன்றே தொட்டுப் பார்க்கும் பாக்கியம் எனக்குச் சுபேதாரின் பேத்தியால்தான் கிடைத்தது. காலேஜ் படிக்கிறாள், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். தோட்டா இல்லை, வெறும் காற்று. ஒரு ஈயப் பெல்லட், 4.5 மில்லிமீட்டர். ரைஃபிள் ஜெர்மனியில் செய்தது. இந்த ரக ரைஃபிள் செய்யும் பெரிய கம்பெனிகள் பலவும் உல்ம், ஓபர்ன்டார்ஃப் என்று தெற்கு ஜெர்மனியின் ஊர்களில்தான். ஓபர்ன்டார்ஃப் ஒரு காலத்தில் மவுசர் துப்பாக்கிக் கம்பெனியின் ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்து மவுசர் படுத்ததும், அங்கே இருந்த இன்ஜினியர்களில் சிலர் கற்ற வித்தையை விளையாட்டுத் துப்பாக்கிக்குக் கொண்டுபோனார்கள்.

"தாத்தா, இன்ஸ்பெக்ஷன் நீங்கதான் பண்ணணும்," என்று கூப்பிட்டாள். மூக்குக் கண்ணாடியும் லென்ஸும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஸ்பாஞ்சில் வெட்டிய குழிக்குள் பாகம் பாகமாகப் படுத்திருந்தது. குழலின் அடியில் ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்து. பெல்லட்டின் ஆற்றல் 7.5 ஜூலுக்கு மேல் போகாது என்பதற்கு ஜெர்மன் சட்டம் கேட்கிற முத்திரை அது. கன்னம் வைக்கிற துண்டின் ஆனடைசிங் நிறமும் அதைத் தாங்குகிற கம்பியின் நிறமும் ஒரே நீலம் இல்லை. வெவ்வேறு நாளில் தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். அடித்தண்டவாளத்தின் உள்மூலையில் கட்டைவிரலுக்கு ஒரு பிசிறு அகப்பட்டது. ஒரு ஸ்குரூவின் பள்ளத்தில் யாரோ சற்றே பெரிய திருப்புளியை வைத்திருந்த தடம்.

சுபேதாருக்கு முகம் சிவந்துவிட்டது. "இம்மாம் துட்டு குடுத்துட்டு இதையா சார் வாங்குனோம்? நம்ம அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்து வச்சிருக்கவன் இதைவிட நல்லா பண்ணுவான்."

பண்ணுவான்தான். நிறத்தை நிச்சயம் ஒத்துப்போக வைப்பான். நாங்கள் குறைகளைக் கிரிட்டிக்கல், மேஜர், மைனர் என்று பிரிப்போம். அந்தக் கணக்கில் இந்த மூன்றும் சேர்ந்தாலும் ஒரு மைனர்தான். பேத்தி இதில் எதையும் பார்க்கவில்லை. மூடியின் உள்பக்கம் செருகியிருந்த ஒரு சின்ன அட்டையை உருவி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள்.

அதுதான் டெஸ்ட் கார்டு. ரைஃபிளின் நம்பர், சோதித்தவரின் சுருக்கொப்பம், நடுவில் ஒரே ஓட்டை. ஓட்டை ஒன்று, சுட்டது ஐந்து. ரைஃபிளை வைஸில் அசையாமல் பூட்டி, 10 மீட்டரில் ஐந்து முறை சுட்டு, அந்த அட்டையைப் பெட்டியிலேயே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். வெர்னியரை வைத்தேன். ஓரத்துக்கு ஓரம் 5.2. பெல்லட் 4.5 என்றால், ஐந்து குண்டுகளின் மையங்களும் 0.7 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கின்றன.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது போட்டியின் கணக்கைப் பார்த்தால்தான் புரியும். இலக்கின் நடுப்புள்ளி, அதாவது பத்து, வெறும் அரை மில்லிமீட்டர். பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து, மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் பத்துதான். ஆனால் இப்போது மதிப்பெண் புள்ளிக்கு அப்புறமும் ஓடுகிறது. 10.0 முதல் 10.9 வரை, ஒவ்வொரு பத்தில் ஒரு பங்குக்கும் கால் மில்லிமீட்டர். ரைஃபிள் தன் பங்குக்குத் தின்பது சுமாராக ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் ஒன்றரை. மற்றதெல்லாம் சுடுகிறவரின் மூச்சு, தோள், இடது முழங்கை.

"தாத்தா, இது எந்தப் பெல்லட்ல சுட்டதுன்னு போடலையே," என்றாள் அவள்.

எனக்கு அந்த இடத்தில் அவளை எங்கள் செக்ஷனுக்கு எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. சோதனை நிலைமை எழுதாத சர்ட்டிஃபிகேட்டை நாங்கள் திருப்பி அனுப்புவோம். 4.49, 4.50, 4.51 என்று பெல்லட்டில் தலை அளவே பல ரகம். ஒரே அளவிலும் லாட்டுக்கு லாட் மாறும். அச்சு தேயும், ஈயம் மாறும். ஒரு குழலுக்கு ஒத்துப்போகிற லாட் அடுத்த நம்பர் குழலுக்கு ஒத்துப்போகாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பல லாட்டில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, வைஸில் பூட்டிச் சுட்டுப் பார்த்து, ஒத்த லாட்டை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கார்டில் இருக்கும் 5.2 என்பது அந்தக் குழல், அந்த லாட், அந்த அறையின் காற்று, மூன்றும் கூடிய ஒரு நாளின் கணக்கு. பட்டாபிராமில் அதை மறுபடி எடுக்க முடியும்; தானாக வராது.

நிறம் ஒத்துப்போகாததைப் பற்றிச் சுபேதார் டீலருக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதச் சொன்னார். நான் வேறொன்றை எழுதச் சொன்னேன். காற்று அடைக்கிற சிலிண்டரின் கழுத்தில் தேதி பொறித்திருக்கும். 200 பார் அழுத்தம் தாங்குகிற பாத்திரம் அது. ஆயுள் பத்து வருஷம், அதற்கு மேல் போட்டியில் விட மாட்டார்கள். புதிதாக வந்த ரைஃபிளின் சிலிண்டர் தேதியைப் பார்த்தால், அதில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடங்கிலேயே கரைந்திருந்தது. குழல் புதுசு, கட்டை புதுசு, சிலிண்டர் மட்டும் பாதி கிழவன். என் கணக்கில் பெட்டியிலிருந்த ஒரே மேஜர் அதுதான். பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்ததும் அதுதான்.

எழுதினோம். பத்து வருஷம் என்பது தயாரித்த தேதியிலிருந்துதான் எண்ணப்படும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அது தெரிந்துதானே எழுதினோம் என்று சுபேதார் இன்னொரு கடிதம் போட்டிருக்கிறார். இந்தத் தடவை ஹிந்தியில்.